முட்டி சொன்ன நம்பர்

"எட்டு!" என்று சிதம்பரம் தன் மணிக்கட்டைப் பார்த்துச் சொன்னார்.

தூணுக்குப் பின்னால் ஒரு பேனா கீறும் சத்தம் கேட்டது.

மணிக்கட்டில் இருந்தது கிளமெண்டியில் ஒரு மருத்துவ ஆய்வுக்குழு கட்டிவிட்ட கருவி. தேய்ந்த முட்டி, உட்கார்ந்திருந்தால் சாது. அசைந்தால்தான் குணத்தைக் காட்டும். ஆகவே அசைவிலேயே வலியை அளக்க வேண்டும் என்பது ஆய்வு. தினமும் காலை பத்து மணிக்கு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ வேண்டும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நூறு அடி நடக்க வேண்டும். ஒரு மாடி ஏற வேண்டும், இறங்க வேண்டும். ஒவ்வொன்றும் முடிந்த கையோடு வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் தவறாமல் சொன்னால் முட்டிவலிக்காரர்களுக்கான பயிற்சி வகுப்பில் இடம் உண்டு.

அந்த இடம் அவருக்கு வேண்டும். முப்பது தைப்பூசம் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை பால்குடம் சுமந்து நடந்தவர், இந்த வருடம் டாக்சியில் போனார். "குடத்துக்கும் பெல்ட் போடுங்க" என்றார் ஓட்டுநர்.

"யாருப்பா அங்க?"

எதிர்வீட்டுச் செல்வராஜ் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் டிஷ்யூ பாக்கெட். அதன்மேல் ஓர் எட்டு.

"முந்தாநாள் நீங்க சொன்ன நாலு நம்பரும் நாலு இலக்க ஃபோர் டியில அடிச்சிருச்சாம்ண்ணே. லாட்டரிக் கடையில கியூ நிக்குது."

"யாருக்கு அடிச்சது?"

"யாருக்கோ. தேக்கா வட்டாரம் பூரா இதே பேச்சுதான்."

மறுநாள் பதினோரு பேர் நின்றார்கள். சிதம்பரம் எண்ணைக் கருவிக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

"மெதுவாச் சொல்றாருன்னா பெரிய பிரைஸ் லா!" என்றார் டீக்கடை நஃபீசா.

அதற்கு மறுநாள் முப்பது பேர்.

அவர் வீட்டுக்குள் ஒளிய ஓடினார். மனைவி லட்சுமி கம்பிக்கதவைத் திறக்கவில்லை. "இத்தனை பேரை உள்ள விட முடியாதுங்க. வெளியவே சமாளிங்க."

பக்கத்து புளோக்குக்குப் போனார். கூட்டம் பின்னாலேயே வந்தது. அந்த புளோக்குக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். தப்பிக்க மூன்று மாடி ஏறினார்.

"பத்து!" என்று கத்தினார்.

"பத்துன்னா சைபரா அண்ணே?" என்று கீழிருந்து ஒரு குரல் கேட்டது.

கடைசியில் பொய் சொன்னார். நான்கு முறையும் பூஜ்யம். கூட்டம் ஆரவாரம் செய்தது. அன்று மாலையே ஆய்வுக்குழுவின் கவிப்ரியா அழைத்தாள்.

"அங்கிள், நேத்து பத்து, இன்னிக்கு சைபரா? இன்னொரு தடவை இப்படி வந்தா உங்க பேரை எடுத்துடுவேன்."

ஆக, உண்மையைத்தான் சொல்ல வேண்டும். உரக்கத்தான் சொல்ல வேண்டும். மிஞ்சியது கால்தான். விடியற்காலையில் கிளம்பி ரேஸ் கோர்ஸ் ரோடு, ஃபேரர் பார்க் திடல், மீண்டும் தேக்கா என்று கூட்டத்துக்குப் போக்குக் காட்டினார். பத்து மணிக்கு அவர் எங்கே நின்றாலும் செல்வராஜ் நாற்காலியோடு வந்து நின்றார்.

எதுவும் அடிக்கவில்லை. ஆனால் யாரும் முட்டியைக் குறை சொல்லவில்லை. "நாமதான் வரிசையை மாத்திப் போடலை" என்றார்கள்.

மூன்றாம் வாரம் மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்று.

"என்னண்ணே, எல்லாம் பொடி நம்பரா வருது?" என்றார் செல்வராஜ். "இன்னும் கொஞ்சம் வலிக்கக் கூடாதா?"

"இந்தாங்க, ஐஸ் தண்ணி குடிங்க" என்றார் நஃபீசா. "முட்டி நல்லா இழுக்கும்."

கடைசி நாள். கீழ்த்தளத்தில் நிற்க இடமில்லை. லட்சுமிகூடப் பால்குடத்தைத் துலக்கியபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். சிதம்பரம் மாடியிலிருந்து கைப்பிடியைத் தொடாமல் இறங்கி வந்தார்.

"ஒண்ணு!"

கூட்டம் உச்சுக் கொட்டியது.

கவிப்ரியா கருவியைக் கழற்றினாள். "சூப்பர் அங்கிள்! ஆனா வகுப்புல சேர வலி குறைஞ்சது நாலு இருக்கணும். உங்களுக்கு இடம் இல்லை. சாரி."

சிதம்பரத்துக்கு முகம் சிவந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"மூணு வாரமா ஊரெல்லாம் ஓட விட்டீங்களே! போச்சு, என் இடம் போச்சு! இப்ப சொல்லுங்க, மொதல்ல யாருக்குய்யா அடிச்சது?"

எல்லாரும் செல்வராஜைப் பார்த்தார்கள்.

"எனக்கு நஃபீசாதான் சொன்னாங்க" என்றார் செல்வராஜ்.

"எனக்கு லட்சுமியக்கா சொன்னாங்க" என்றார் நஃபீசா.

லட்சுமி துலக்கிய குடத்தைக் கணவரின் கையில் கொடுத்தார்.

"யாருக்கும் அடிக்கலைங்க. நடங்க நடங்கன்னு நாலு வருஷமா நான் சொன்னேன், நீங்க கேட்டீங்களா?"