தொண்ணூற்றொன்பது சதவீதம்

என் மனைவியை ஏமாற்றுவது என்று ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முடிவெடுத்தேன். இதற்கு முன் முயன்றதில்லையா என்று கேட்காதீர்கள். முயன்றிருக்கிறேன். மாட்டியிருக்கிறேன். திட்டம் போட்டு இறங்கியது இதுதான் முதல் தடவை.

தினேஸ்வரி புந்தோங்கில் ஒரு கிளினிக்கில் பதினோரு வருஷமாக உதவியாளர். ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளைகள் அவள் மடியில்தான் உட்காரும். அவளுக்குத் தாதியாக வேண்டும் என்று ஆசை. கமுந்திங்கில் ஒரு கல்லூரியில் ஒரு வருஷப் படிப்பு. ஹாஸ்டலில் தங்க வேண்டும். விண்ணப்பிக்க அன்றைக்கு மாலை ஐந்து மணிதான் கடைசி. இணையத்தில் அனுப்பித் தரச் சொல்லி என்னிடம்தான் கேட்டிருந்தாள். மகள் பினாங்கில் படிக்கிறாள். இவளும் போய்விட்டால் வீட்டில் நானும் பிரிட்ஜும்தான்.

என் தொழில் இணையப் பக்கங்கள் செய்து கொடுப்பது. பல கோப்புகளை ஒன்றாக ஏற்றும்போது ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று ஒரு பச்சைக் கோடு காட்டுமே, அதெல்லாம் நான் செய்வதுதான். சோதனைக்காக ஒரு பக்கம் வைத்திருந்தேன். அதில் எதுவும் எங்கும் போகாது. கோடு மட்டும் நகரும். கடைசிக் கோப்பு தொண்ணூற்றொன்பதில் நின்றுவிடும். இணைய லைன் பாதியில் போனால் பக்கம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்கு.

அதற்குக் கல்லூரிப் பக்கத்தின் நீல நிறத்தைப் பூசி, அவள் முன்னால் திறந்து வைத்தேன். பதிவேற்றத்தில் கொஞ்சம் ஏமாற்று வேலையும் கலந்தேன்.

“எட்டு பைலும் போட்டுட்டேன். இனி என்ன செய்யணும்?”

“ஒன்னும் இல்ல லா. கோட்டப் பாத்துக்கிட்டு இரு.”

பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், அடையாள அட்டை என்று ஏழு கோடுகள் முழுப் பச்சையாயின. எட்டாவது நின்றது.

“என்னங்க, தொண்ணூத்தொம்பதுலயே நிக்குது.”

“பெரிய பைலா இருக்கும்.”

“கிளினிக் கடிதம்தான். ஒரே பக்கம்.”

“ஒரே பக்கம்தான். கனமான விஷயம் எழுதியிருப்பாங்க.”

தலையாட்டினாள். மணி நாலு பத்து. நான் எழுந்து போய் தேநீர் கலக்கினேன். சீனி போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டேன். திரும்பி வந்தபோது கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“லைன் சரியில்லையோ?”

“இருக்கும்.”

“நீங்க செஞ்ச பக்கமா இருந்தா இப்படி நிக்காதுல்ல?”

அந்தக் கடிதத்தைத் திறந்து பார்த்தேன். டாக்டர் எழுதியிருந்தார்: ‘பிள்ளைகள் என்னைக் கேட்டு வருவதில்லை. இவரைக் கேட்டுத்தான் வருகிறார்கள்.’ அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“கொஞ்சம் தள்ளு. வேற வழி இருக்கு.”

கல்லூரியின் உண்மையான பக்கத்தைத் திறந்தேன். எட்டையும் போட்டேன். ஒவ்வொரு கோட்டையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே பார்த்தேன். என் தொழிலில் ஒரு கோடு முடிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். நாலு ஐம்பதுக்கு எட்டும் போய்ச் சேர்ந்தன. திரையில் ஒரு வரி வந்தது. ‘இந்த அடையாள அட்டை எண்ணில் விண்ணப்பம் ஏற்கெனவே கிடைத்துள்ளது.’

மெதுவாகத் திரும்பினேன். அவள் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“திங்கக்கெழமையே அனுப்பிட்டேன். கிளினிக்ல கலாதேவி அக்கா போட்டுக் குடுத்தாங்க.”

“அப்ப இந்த நாப்பது நிமிஷம்?”

“உங்க பக்கத்துல மேலேயே ‘சோதனை’ன்னு எழுதியிருக்கு. சரி, சோதிச்சுப் பாப்போம்னு உக்காந்தேன்.”

நிறத்தை மாற்றியவன் தலைப்பை மாற்றவில்லை.

“தப்புதான் தினேஸ்,” என்றேன். “நீ இல்லாத வீட்ட நெனச்சுப் பாத்தேன். பயமா இருந்துச்சு.”

“தெரியும். நீங்க முழு மனசா அனுப்பணும்னு எனக்கு ஆசை. அதுக்குத்தான் உங்ககிட்ட கேட்டேன். நாப்பது நிமிஷம் ஆச்சு, ஆனா அனுப்பிட்டீங்க.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்கள தனியா விட்டுட்டுப் போவேனா?”

“அப்ப போகலையா?”

“எடம் கெடச்சா போவேன். அந்த ஒரு வருஷமும் எங்கம்மா உங்களோட இருப்பாங்க. இப்பவே வந்து பழகிக்கட்டும்னு சொல்லிட்டேன். அவங்க வர்ற சுங்காய் பஸ் அஞ்சரைக்கு வந்துரும், மோட்டார் சைக்கிள எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வாங்க.”