இடது பக்கத்து ஸ்பீக்கர்

"இடது பக்கம்?"

"வரலைங்க."

பாம்புக்காது எழுந்து போய், ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் குனிந்து ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். ஊசி விழுந்தால் எந்த மேஜைக்கடியில் விழுந்தது என்று சொல்லிவிடுவேன் என்று ஆபீஸில் ஒருமுறை பீற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். அவர் அதைப் பட்டம் என்றே நம்பினார்.

"இப்போ?"

"எல்லாம் வலது பக்கத்துலேர்ந்துதான் வருது."

கூடத்தின் நடுவே சாக்பீஸால் நான்கு கட்டம் போட்டு, அதற்குள் நாற்காலிக் கால்களை வைத்து, அவர் மனைவி பரீட்சை எழுத வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில்தான் இரண்டு ஸ்பீக்கரும் சமமாகக் கேட்கும் என்பது அவர் டேப் பிடித்து அளந்த முடிவு. நாற்காலி அரை விரல் நகர்ந்தாலும் திட்டு விழும். அவருடைய சாய்வு நாற்காலி அவளுக்கு இடது கைப்பக்கம்.

மகளுக்கு வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து அந்த வீட்டில் பேச்சு வற்றிப்போயிருந்தது. "சாப்பிடலாமா", "கதவைச் சாத்தியாச்சா" என்பதோடு சரி. அதுவும் அவர் கூப்பிட்டால் மனைவி மூன்றாவது தடவைதான் திரும்புவாள். திமிர் என்று அவர் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டார். இருந்தாலும் ஆசை விடவில்லை. சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டால் பழையபடி ஆகிவிடலாம் என்றுதான் அந்த செட்டையே வாங்கினார். அவள் வாயிலிருந்து ஒரே ஒரு "நல்லா இருக்கு" வந்தால் போதும். அது வந்தபாடில்லை.

"என்னங்க, அது வந்து, எனக்கு..."

"என்ன வருது, என்ன வரலைன்னு மட்டும் சொல்லு. ஏன்னு பாக்கறது என் வேலை."

இது ஆபீஸ் புத்தி. குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேஜை அவருடையது. போனில் யாராவது காரணம் சொல்ல வாயெடுத்தால் "குறையை மட்டும் சொல்லுங்க" என்று வெட்டிவிடுவார். இருபது வருஷத்தில் ஒரு ஜீவனையும் முழு வாக்கியம் பேச விட்டதில்லை. ஒரு நாளைக்கு எண்பது புகார் வாங்குகிறார் என்று மேலதிகாரிகூடப் பாராட்டினார். எத்தனை தீர்ந்தது என்று அவரும் கேட்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு முதல் நாள் இரண்டு பக்கமும் நன்றாகத்தான் கேட்டது. அவள் சொல்லச் சொல்ல, அவருக்கும் இடது பக்கம் இளைத்துவிட்டது. அவளுக்கே தெரிகிற குறை பாம்புக்காதுக்குத் தெரியவில்லை என்றால் மானம் என்ன ஆவது?

பழைய செட்டுக் கடைக்காரரிடம் போனார்.

"ஆம்ப்ளிஃபையர்ல இடது பக்கம் வீக்கா இருக்கு."

"நீங்க சொன்னா சரிதான் சார். உங்க காதாச்சே" என்றார் கடைக்காரர். கருப்பை வெள்ளை என்று சொன்னாலும் தலையாட்டி வியாபாரம் செய்கிற மனுஷன். ஒரு வாரத்தில் அதை ஒரு பல் டாக்டர் தலையில் கட்டிவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்றை இவர் தலையில் கட்டினார்.

"இப்போ?"

"அதேதாங்க."

அப்படியானால் ஸ்பீக்கர்தான் என்று ஜோடியை விற்றார். புது ஜோடி ஆள் உயரத்துக்கு வந்து, ஜன்னலை மறைத்து நின்றது. வெளிச்சம் போனதுதான் மிச்சம். அவள் பதில் மாறவில்லை. ஆத்திரத்தில் வலதை இடதாகவும் இடதை வலதாகவும் தூக்கி மாற்றி வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இப்பவாவது?"

"வலது பக்கம்தாங்க."

பழைய ஆம்ப்ளிஃபையரின் ஞாபகம் அவரை அரித்தது. பல் டாக்டர் அதைத் தன் கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் அறையில் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வலிக்காத பல்லுக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். மெல்லிசாக வயலின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினார். இடது பக்கம் வலது பக்கம் என்ற பேச்சே இல்லை; அறை முழுக்க நிறைந்து வழிந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"ரொம்ப வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"அந்த ஆம்ப்ளிஃபையரைத் திருப்பிக் குடுத்துடுங்க டாக்டர். என்ன கேட்டாலும் தர்றேன்."

"விளையாடறீங்களா? அது பாடறதாலதான் ஜனங்க பயப்படாம உக்காந்திருக்காங்க. வாயைத் திறங்க."

திறந்தார். மறுபடி மூடியபோது ஒரு கடைவாய்ப்பல் குறைந்திருந்தது.

வீங்கிய கன்னத்தோடு வீடு திரும்பும்போது அவருக்கு ஞானோதயம் வந்தது. ஆம்ப்ளிஃபையர் நிரபராதி. ஸ்பீக்கரும் நிரபராதி. அப்படியானால் குற்றவாளி அறைதான். கூடத்தின் இடது மூலையில் அவளுடைய தையல் மெஷின், அதன் மேல் தெருக்காரர்கள் தைக்கக் கொடுத்த துணி மூட்டை. மகள் பிறந்தபோது மனைவியின் அண்ணன் வாங்கிக் கொடுத்த மெஷின் அது.

"இந்தத் துணி மூட்டைதான் சத்தத்தைக் குடிக்குது. மெஷின் போகணும்."

"நான் எங்க தைக்கறது?"

"இனிமே நீ பாட்டுக் கேளு."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். மறுநாள் வண்டி வந்தது.

"ஒரு நிமிஷம். டிராயர்ல ஒரு காகிதம் இருக்கு."

"சீக்கிரம் எடு. வண்டிக்காரர் நிக்கறார்."

நான்காக மடித்து, மடிப்பெல்லாம் கிழிய ஆரம்பித்திருந்த ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஏதோ அளவுக் குறிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மெஷின் போன மூலையைப் பெருக்கித் துடைத்து, பாட்டைப் போட்டார்.

"இப்போ?"

"வலது பக்கம்தான்" என்றாள். இந்தத் தடவை "ங்க" இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய அண்ணன் வந்தார். பேத்திக்குத் தைக்க என்று பையில் துணி கொண்டுவந்திருந்தார். கூடத்தில் நுழைந்ததும் இடது மூலையைப் பார்த்தார். பிறகு சாக்பீஸ் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார்.

"மெஷின் எங்க?"

"வித்துட்டேன் மச்சான்" என்றார் பாம்புக்காது. புகார் வாங்கியே பழகியவருக்கு, அன்றைக்குத்தான் ஒரு புகார் கொடுக்க ஆள் கிடைத்தது. "நானும் எவ்வளவோ பாத்துட்டேன். ரெண்டு ஆம்ப்ளிஃபையர், நாலு ஸ்பீக்கர், என் பல்லு ஒண்ணு. எதை மாத்தினாலும் இவளுக்கு இடது பக்கம் ஒண்ணுமே வர மாட்டேங்குது. எங்க தப்புன்னே புரியல."

அண்ணன் துணிப்பையைத் தரையில் வைத்தார். அவள் மடியில் அந்தப் பழுப்புக் காகிதம் பிரிந்து கிடந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இவளுக்கு இடது காது குழந்தையிலேயே போயிடுச்சுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்கு எழுதினேனே மாப்ளே, 'பரவாயில்லை, ஆயுசு பூரா அவங்களுக்கு வலது பக்கமா உக்காந்தே பேசறேன்'னு நீங்க எழுதின பதில்தான் இது."