அக்காவின் முளைப்பாரிக்கு நான் போட்ட உரம்

பாடம் நடத்துகிறவளுக்கு அந்தப் பாடம் புரிந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நான் திகாம் பத்து என்ற ஊரில் உயிரியல் டியூஷன் எடுக்கிறவள். உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டுத் துவளவைத்து, "வெளியே கரைசல் அடர்த்தியாக இருந்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறிவிடும், இதுதான் சவ்வூடு பரவல்" என்று வருடா வருடம் முழங்குகிறவள். (மேசையைத் தட்டி வேறு.)

அந்த வருடம் புக்கிட் செலம்பாவில் இருக்கும் என் அக்கா, மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுப்பதாக வேண்டியிருந்தாள். கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. சட்டியில் பாசிப்பயறு விதைத்து, இருட்டறையில் வைத்து, விரதமிருந்து தண்ணீர் தெளித்தாள். திருவிழாவுக்காக நானும் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். நான்காம் நாள் காலை அறை வாசலோடு நின்றுவிட்டாள்.

"நான் உள்ள வர முடியாதுடி. தூரமாயிட்டேன். மூணு நாளைக்கு நீ தண்ணி தெளிச்சிரு. தண்ணி மட்டும்தான், சரியா?"

அந்த மாதமும் இல்லை என்று அதற்கு அர்த்தம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. செய்தேன்.

பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தேன். அவர்கள் பயிர் அரைச் சாண் வளர்ந்திருந்தது. அக்காவுடையது விரல் அளவுதான். அக்காவின் கணவர், அதாவது மாமா, செம்பனைக் கன்றுகளுக்கு வாங்கிய பாஜா மூட்டை கொல்லையில் இருந்தது. (எங்கள் ஊரில் உரத்துக்கு அதுதான் பெயர்.) ஒரு கை அள்ளி ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். மறுநாள் பயிர் லேசாகத் தலை சாய்ந்திருந்தது. போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு கை கரைத்து ஊற்றினேன். (பட்டதாரி!)

அதற்கும் மறுநாள் பார்த்தால் சட்டி முழுக்க வெந்த கீரை. அப்போதுதான் உறைத்தது. உரமும் உப்புதானே. வேரைச் சுற்றி அதைக் கொட்டி, ஒவ்வொரு செல்லிலிருந்தும் தண்ணீரை நானே வெளியே இழுத்திருக்கிறேன். நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி வடித்தேன். ஒன்றுகூட நிமிரவில்லை.

தலைக்குக் குளித்துவிட்டு வந்த அக்கா சட்டியைப் பார்த்தாள்.

"என்னடி ஊத்துன?"

"பாஜா... கொஞ்சம்தான்லா."

மாமா மெதுவாகச் சொன்னார். "பக்கத்து வீட்டுல கேட்டா ஒரு சட்டி கொடுப்பாங்க."

"அது அவங்க பிள்ளைங்களுக்கு வேண்டிக்கிட்டது. என்னோடது இதுதான்."

ஊர்வலத்தில் எல்லார் தலையிலும் பயிர் நிமிர்ந்து நின்றது. அக்காவுடையது சட்டியின் விளிம்பில் தொங்கி, நடக்க நடக்க அவள் நெற்றியில் ஒட்டியது. நான் அவளுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனேன். (வெயிலே இல்லை.) கோயில் போய்ச் சேரும்வரை அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அக்காவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. டாக்டர் சொன்ன காரணம் வேறு. அது எனக்கும் தெரியும். ஆனாலும் கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் யாராவது, "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று ஆரம்பித்தால் அக்கா என் பக்கம் கையை நீட்டுகிறாள்.

"இவளக் கேளுங்க. பாஜா போட்டுக் கருக்கிட்டா."

எல்லோரும் சிரிக்கிறார்கள். அதற்குமேல் யாரும் அவளை ஒன்றும் கேட்பதில்லை. அதற்காகத்தான் அவள் அதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் சிரிக்கிறேன், எல்லோரையும்விடச் சத்தமாக.