பாலத்தடி ராமென்

கொயென்ஜி ரயில் பாலத்துக்கடியில் இருந்த அந்த ராமென் நூடுல்ஸ் கடைக்குள் அகேமி நுழைந்தபோது உள்ளே ஒரு ஈ காக்கைகூட இல்லை. அடுப்பில் ராமெனுக்கான சாறு மட்டும் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

ஆபீஸ் மதிய இடைவேளையில் தினம் ஒரு புதுக் கடையைத் தேடிப் பிடிப்பாள். சாயங்காலம் வீட்டில் அதன் குறைகளை அடுக்குவாள். "இவ்வளவு தெரிஞ்சவ நீயே ஒருநாள் காய்ச்சிக் காட்டேன்," என்பான் கணவன் தெட்சுவோ. அவள் உடனே பேச்சை மாற்றிவிடுவாள்.

குரல் கொடுத்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை. சரி, தீயையாவது குறைப்போம் என்று பரிமாறும் மேடைக்குப் பின்னால் போனாள். அந்த நேரம் பார்த்துக் கட்டட வேலைக்காரர்கள் இருவர் வந்து உட்கார்ந்தார்கள்.

"அக்கா, சோயா ராமென் ரெண்டு."

"நான் கடைக்காரி இல்லைங்க."

"யாரா இருந்தா என்னக்கா? பசியில உயிர் போகுது."

ஓனர் வரும்வரை சமாளிக்கலாம் என்று தண்ணீர் வைத்தாள். அவர்களோ சாப்பிடும் குச்சிகளைப் பிரித்துக்கொண்டு அவள் கையையே பார்த்தார்கள்.

வேறு வழியில்லாமல் சாற்றை நாக்கில் வைத்தாள். ஒரே உப்பு. வெந்நீர் ஊற்றி, இஞ்சியைத் தட்டிப் போட்டு, கொதி அடங்கியதும் மறுபடி ருசி பார்த்தாள். நூடுல்ஸை வேகவைத்து உதறி, சாறு ஊற்றி நீட்டினாள்.

மூத்தவன் ஒரு வாய் உறிஞ்சினான். குச்சியை வைத்துவிட்டுப் போனை எடுத்தான். "டேய், எல்லாரையும் கூட்டிக்கிட்டு பாலத்தடிக்கு வா."

இனி ஆள் வரக்கூடாது என்று, கடை திறந்திருப்பதற்கு அடையாளமாக வாசலில் தொங்கிய துணியைக் கழற்ற அகேமி ஓடினாள்.

"கடை திறந்தாச்சாம்மா?" என்றாள் தெருவில் போன ஒருத்தி.

"இல்லைங்க, மூடப்போறேன்."

"ஐயோ, மூடப்போறாங்களாம், சீக்கிரம் வாங்கடி."

அதைக் கேட்டுச் சும்மா நடந்துபோனவர்களும் ஓடி வந்தார்கள். வரிசை பூக்கடைவரை நீண்டது. அதில் அவளுடைய ஆபீஸ் மேலாளர் ஹிரூமாவும் நின்றார். அகேமி ஒரு துண்டை எடுத்துப் புருவம்வரை கட்டிக்கொண்டாள்.

ஹிரூமா கிண்ணத்தை இரு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்கு. எந்தக் கடைக்குப் போனாலும் நொட்டை சொல்லும். அதை இங்க கூட்டிட்டு வந்து வாயை அடைக்கணும்."

அகேமி குனிந்தபடி, "அவங்களுக்கும் பிடிக்குங்க," என்றாள்.

பானையின் அடி தெரியும்வரை ஊற்றினாள். கிளம்பியவர்கள் ஒவ்வொருவராக நின்று தலைகுனிந்து நன்றி சொன்னார்கள். காலையில் கோப்பு அடுக்கிய அதே கைகளை அவள் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். தெட்சுவோவிடம் எந்த இடத்தில் ஆரம்பித்துச் சொல்வது என்று மனது இப்போதே ஒத்திகை பார்த்தது.

மூலையில் ஒருவர் மட்டும் காலிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நான் ஆபீஸ் போகணும். இந்தக் கடை ஓனர் வந்தா, ஒரு பொம்பளை மன்னிப்புக் கேட்டாள்னு சொல்லிடுறீங்களா?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான்தாம்மா ஓனர், கடை வைச்ச நாள்லேருந்து இந்த வாசல்ல வரிசையைப் பார்த்ததே இல்ல, அதான் என்ன விசேஷம்னு நானும் கடைசியில போய் நின்னேன்."