தோல்காக் கிடங்கில் துபாஷிப் பெட்டி வாய் திறந்த படலம்

பேரீச்சந்தோப்புகள் புடைசூழ வீற்றிருக்கும் எங்கள் தோல்கா நகரின் குளிர்கிடங்கில், கண்ணுக்குப் புலப்படாத நெட்வொர்க் பேரரசை ஒற்றை விசைப்பலகையால் ஆண்டவளும், கபீல் மலைநாட்டில் பிறந்து பாலைநாட்டில் வாழ்க்கைப்பட்டவளும், காப்பியில் சர்க்கரை குறைந்தாலன்றி வேறெதற்கும் கலங்காதவளுமாகிய தாசதித் வாழ்க! ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் உடைவாளெனச் செருகியவனும், தன் கை முறுக்கிய வயர் இப்பிறவியில் கழன்றதில்லை என மார்தட்டுபவனுமாகிய எலெக்ட்ரீஷியன் புஜெமாவும் வாழ்க! உள்ளங்கையளவுச் சாம்பல்நிறப் பெட்டி ஒன்றின் முன், ஒரு வியாழக்கிழமை இவ்விருவரும் புரிந்த பெரும்போரைப் பாடப் புகுகின்றேன். மின்னோட்டமே, பாதியில் நின்றுவிடாமல் என் நாவில் ஓடுவாயாக!

போருக்குக் காரணம் முந்தைய வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஊரே கூஸ்கூஸ் தட்டின் முன் அமர்ந்திருந்த நண்பகலில், கிடங்கின் பழம்பெரும் கம்ப்ரசர் மூச்சடங்கியது. அடங்குமுன் அது அலறாமல் இல்லை. மோட்பஸ் என்னும் தன் தொன்மொழியில், தன் வாலாகிய இரட்டை வயர் வழியே அலறிற்று. ஆனால் அலுவலகத்தில் கொலுவிருந்த கண்காணிப்புத் திரைக்கோ நெட்வொர்க் மொழியன்றி வேறறியாது. புதுமருமகள் பேச்சைக் காதில் வாங்காத மாமியாரைப் போல அது பச்சைப் புன்னகையுடன் வீற்றிருந்தது. ஓர் அறைப் பேரீச்சை முழுதும் வியர்த்துப் புளித்து நாறிற்று.

கிடங்கின் அதிபதி ஹாஜ் பெல்காசெம் முற்றத்தின் நடுவே நின்று பிரகடனம் செய்தார்:

“இனிமே வெள்ளிக்கிழமையானா ஒருத்தர் அந்த மெஷின் பக்கத்துலயே உக்காரணும். இல்லையா, அது பேசுறது ஆபீஸ் திரையில தெரியணும். ரெண்டுல ஒண்ணு!”

ஆகவே துபாஷி வரவழைக்கப்பட்டது. கேட்வே என்பது அதன் இயற்பெயர். ஒரு செவியால் கம்ப்ரசரின் கிழமொழியைக் கேட்டு, மறுபுறம் வாயால் திரையின் இளமொழியில் எடுத்துரைப்பது அதன் தொழில். மாலைக்குள் அது பேசாவிடில், எவர் பக்கம் பிழையோ அவரே மறுநாள் காவல் என்று விதித்தார் ஹாஜ். மறுநாளோ புஜெமாவின் மூத்த மகளுக்கு நிச்சயம். தாசதித்தின் தாயோ மகள் வீட்டை முதன்முறையாகக் காண மலையிலிருந்து பஸ் ஏறிவிட்டாள். எனவே இருவரில் எவரும் தோற்பதற்கில்லை.

புஜெமா வயர்களைப் பூட்டினான். பெட்டியில் ஏ, பி என்று இரு துளைகள். கம்ப்ரசரிலும் ஏ, பி என்று இரு துளைகள். ஏ-வை ஏ-வுடனும் பி-யைப் பி-யுடனும், மணவறையில் மணமக்களைச் சேர்க்கும் பயபக்தியுடன் அவன் சேர்த்தான். தாசதித் பெட்டிக்குப் பேசும் வேகம் விதித்தாள், கம்ப்ரசரின் அழைப்பெண்ணைச் சொன்னாள், திரையைத் திறந்தாள். கோபங்கொண்ட காளையின் கண்ணெனச் சிவந்து நின்றது திரை: தொடர்பில்லை.

“என் வயர்ல குத்தம் கிடையாது தங்கச்சி. உன் பெட்டியப் பாரு!” என முழங்கினான் புஜெமா.

“பெட்டி பேசத் தயாரா இருக்கு அண்ணே. கம்ப்ரசர் பக்கத்துலேர்ந்து ஒரு சத்தமும் வரல!” எனக் கணையைத் திருப்பி எய்தாள் தாசதித்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை எங்ஙனம் விரிப்பேன்! அவள் வேகத்தை மாற்றினாள், திரை சிவந்தது. அவன் மீட்டரை எடுத்து வயரின் தலைமுதல் வால்வரை நாடி பிடித்தான். வயர் கொழுகொழுவென நலமாயிருந்தது, திரை சிவந்தது. அவள் பெட்டியை அணைத்து உயிர்ப்பித்தாள். அவன் கம்ப்ரசரை அதட்டினான். அவள் பெட்டி செய்தவனின் குலத்தைக் கபீல் மொழியில் வைதாள். அவன் அதே பொருளை அரபியில் வழிமொழிந்தான். திரை எல்லோருக்கும் பொதுவாகச் சிவந்தது. கொண்டுவந்த தேநீர் ஆறி, மீண்டும் சூடாகி, மீண்டும் ஆறிற்று.

இறுதியில், மகளின் மருதாணிக் கைகள் மனக்கண்ணில் தோன்ற, வெகுண்டெழுந்த புஜெமா இரு வயர்களையும் பெட்டியிலிருந்து பிடுங்கி அவள் முன் நீட்டினான்.

“இந்தா, நீயே போடு! எலெக்ட்ரீஷியன் வேலையையும் நீயே பாரு!”

“போடறேன்! போட மாட்டேன்னு நெனச்சீங்களா?”

தாய் வந்திறங்கிப் பூட்டிய கதவின் முன் துணிமூட்டையோடு நிற்கும் காட்சி கண்ணை மறைக்க, எது ஏ, எது பி என்று பாராமல், கைக்கு வந்த வயரைக் கைக்கு வந்த துளையில் திணித்துத் திருகினாள் தாசதித்.

திரை பச்சையாயிற்று.

கம்ப்ரசரைச் செய்த ஊரார் ஏ என்றழைத்ததைப் பெட்டியைச் செய்த ஊரார் பி என்றழைத்தனர் என்னும் பேருண்மை அக்கணமே இருவர் நெஞ்சிலும் மின்னலென இறங்கியது.

“நான் சரியாத்தானே போட்டிருந்தேன்!” என்றான் புஜெமா, உடைந்த குரலில்.

“ஆமா அண்ணே. சரியாப் போட்டதுதான் தப்பு.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். முதலில் புஜெமாவின் தொப்பை குலுங்கிற்று. பிறகு இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தனர். “நாளைக்கு அம்மாவையும் கூட்டிக்கிட்டு நிச்சயத்துக்கு வந்துடு. வரலேன்னா வயரைத் திருப்பி மாத்திப்புடுவேன்” என்று அவ்வீரன் அழைக்க, அவ்வீராங்கனை கண்ணைத் துடைத்தபடி தலையசைத்தாள்.

ஆரவாரம் கேட்டு ஹாஜ் பெல்காசெம் ஓடோடி வந்தார். மூவரும் திரையின் முன் கைகட்டி நின்றனர். தலைமுறை கடந்து எவரும் செவிகொடாத பழம்பெரும் இயந்திரம், தன் நெடுமௌனம் கலைத்து மானிடர்க்கு உரைக்கப்போகும் முதல் திருவாக்கு யாதோ என, மூச்சையும் அடக்கி, இமையையும் கொட்டாது, காத்தனர். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன: மூன்றாம் அறை, எட்டு டிகிரி, கதவு திறந்திருக்கிறது.

இருவர் பார்வையும் மெல்லத் திரும்பி, ஹாஜின் கையில் பாதி கடித்திருந்த, இன்னும் குளிர் நீங்காத பேரீச்சம்பழத்தின்மேல் விழுந்தது.

ஹாஜ் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.