கரியரில் ஏறிய கொலைகாரி

என் வாழ்நாளில் ஒரே ஒரு மனுஷியைத்தான் "கொலைகாரி" என்று ஏசியிருக்கிறேன். அப்போது அவருடைய கையில் இருந்தது ஒரு தட்டுக் கொழுக்கட்டை.

தொண்ணூறுகளின் நடுவில் இடம்பெயர்ந்து வந்து அக்கராயனில் கொட்டில் போட்டிருந்தோம். நான் விஞ்ஞான ஆசிரியர். (படிப்பித்தது பத்தாம் வகுப்பு வரைதான். கதைத்தது பேராசிரியர் அளவுக்கு.) ஒவ்வாமை தரக்கூடிய சாப்பாட்டைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பிந்திக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று ஒரு பழைய சஞ்சிகையில் வாசித்திருந்தேன். அதனால் மூத்தவள் சுபாவுக்குக் கச்சானை, அதாவது நிலக்கடலையை, கண்ணில்கூடக் காட்டவில்லை. இரண்டரை வயதில் கோயில் திருவிழாவில் யாரோ கொடுத்த கச்சான் அல்வாவை அவள் கடித்தாள். வாய்ச்சொண்டு வீங்கி, நீலம் பாய்ந்து, மூச்சு அடைத்துவிட்டது. ஆசுப்பத்திரியில் ஊசி போட்டு மீட்டுத் தந்தார்கள்.

பிறகு குமரன் பிறந்தான். எங்கள் வாசல் படலைக்குள் கச்சான் வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். பக்கத்து வளவில் இருந்த பாக்கியத்துக்கும் அதை மூன்று தரம் விளக்கினேன். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவருடையது. வளவு முழுக்கக் கச்சான்தான் போட்டிருந்தார்.

குமரனுக்கு முதல் பல் முளைத்தபோது வழக்கப்படி பல்லுக்கொழுக்கட்டை வைத்தோம். பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலையில் கொழுக்கட்டை சொரிவோம். முன்னால் வைத்திருக்கும் புத்தகம், பேனை, நகை என்பவற்றில் எதைத் தொடுகிறானோ, அவனுடைய எதிர்காலம் அதுவாம். (நான் புத்தகத்தைக் கொஞ்சம் கிட்டத் தள்ளி வைத்திருந்தேன்.) அவனோ தலையிலிருந்து உருண்டு வந்த கொழுக்கட்டையைப் பிடித்து வாயில் வைத்தான்.

நானும் ஒன்றைக் கடித்து உள்ளிருந்த பூரணத்தைச் சுவைத்தேன். "உள்ளுடன் நல்லாயிருக்கு பாக்கியம். பயறு எங்கை கிடைச்சது?"

"பயறு ஏது மாஸ்டர்? கச்சான வறுத்து இடிச்சு, சக்கரை போட்டேன்" என்றவர், சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டேன். அவன் கடித்தான். (அந்த ஒற்றைப் பல்லின் முதல் வேலை அதுதான்.) அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். சபை முழுக்கக் கேட்டது. மனைவி கமலா ஏதோ சொல்ல வந்தாள். "நீ கதையாதை" என்றுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரியரில் ஏறியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நான் கொலைகாரி என்று ஏசிய அதே பாக்கியம்தான்.

"மூச்சு இருக்கோ பார்."

"இருக்குங்க."

"சொண்டு வீங்குதோ?"

"சிரிக்கிறான் மாஸ்டர். நீங்க ரோட்டப் பாருங்க."

நான் பார்க்கவில்லை. சைக்கிள் வாய்க்காலை நோக்கித் திரும்பியதுமே பாக்கியம் பிள்ளையோடு பக்குவமாகக் குதித்துவிட்டார். பட்டு வேட்டியோடு சேற்றில் விழுந்தது நான் மட்டும்.

"பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?" என்று ஆசுப்பத்திரியில் டாக்டர் அம்மா கேட்டா.

"கச்சான்."

"என்ன செய்தது?"

"இன்னும் ஒண்டும் செய்யேல்லை."

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தா. "உங்களுக்கு என்ன செய்தது?"

நான் நிர்ப்பீடனம், பிறபொருளெதிரி என்று தொடங்கினேன். சுபாவின் கதையைச் சொன்னதும் அவாவின் முகம் மாறியது. "அப்ப இருங்கோ, வச்சுப் பார்ப்பம்."

இருந்தோம். குமரன் நித்திரையாகிவிட்டான். அவனுடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுபாவின் நீலச் சொண்டுதான் கண்ணுக்குள் நின்றது. அந்த நேரத்தில் எனக்குப் படிப்பு ஒன்றும் நினைவில் இல்லை.

கமலா நடந்தே வந்து சேர்ந்தாள். "இஞ்சருங்கோ, அவனுக்கு ஒண்டும் வராது. சோறு தின்னத் தொடங்கின நாளிலை இருந்து பாக்கியம் வீட்டை கச்சான் தின்னுறான். இடிச்சு, குழைச்சு."

"என்னது?"

"பால்மா எங்கை கிடைச்சது? பிள்ளை மெலிஞ்சுகொண்டு போனான். எங்களிட்டை இருந்தது அதுதான். முதல் தரம் இந்த ஆசுப்பத்திரி வாசலிலை இருந்துதான், விரல் நுனியிலை தொட்டு வாயிலை தீத்தினனாங்கள். ஏதும் எண்டால் உள்ளை ஓடலாம் எண்டு. நானும் பாக்கியமும் நடுங்கிக்கொண்டு இருந்தம். இண்டைக்குச் சுபாவைச் சித்தி வீட்டை விட்டதும் இந்தக் கொழுக்கட்டைக்காகத்தான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் வகுப்பெடுப்பியள்."

டாக்டர் அம்மா மறுபக்கம் திரும்பிக்கொண்டா. தோள் குலுங்கியது.

சுபாவுக்கு இப்போது ஒரு பெண் பிள்ளை. சுபாவுக்கு இன்றும் கச்சான் ஆகாது. போன வருஷம் தொலைபேசியில் தன் பிள்ளையின் டாக்டர் சொன்னதை விளங்கப்படுத்தினாள். குழந்தையின் உடம்பு கச்சானை முதலில் குடல்வழியாகச் சந்தித்தால் அது சாப்பாடு என்று பழகிக்கொள்ளுமாம். வெடித்த தோல்வழியாகச் சந்தித்தால் எதிரி என்று எண்ணிவிடக்கூடுமாம். எல்லாருக்கும் அப்படித்தான் என்றில்லை. அதனால் டாக்டரைக் கேட்டு, அவர் சொன்னபடிதான் கொடுக்க வேண்டுமாம்.

"அப்பா, சின்னனிலை எனக்கு உடம்பெல்லாம் கரப்பன் வெடிச்சு இருந்தது எல்லோ? என்ன பூசினனீங்கள்?"

மருந்து கிடைக்காத காலம். செக்கில் ஆட்டிய கலங்கல் எண்ணெயை என் கையாலேயே நாள்தோறும் பூசினேன். கச்சான் எண்ணெய்.

சொன்னேன்.

"வாயைப் பூட்டிப்போட்டுத் தோலாலை தீத்தியிருக்கிறியள்" என்றாள். பிறகு, "அண்டைக்கு வேறை என்னப்பா இருந்தது?" என்றாள்.

அடுத்த நாளே நெளுக்குளத்துக்கு பஸ் ஏறினேன். பாக்கியம் இப்போது அங்கே மகனோடு இருக்கிறார். அவரிடம் அன்று நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அத்தனை வருஷமும் அது என்னை அரித்துக்கொண்டிருந்தது. தலை குனிந்து கேட்டேன்.

"விடுங்க மாஸ்டர். அன்னைக்கு சக்கரை கொஞ்சம் கம்மியாப் போச்சு. எனக்கு அந்தக் கவலதான்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்குச் சோறு தீத்தினாலும் கமலா முதலில் சொல்வது இதுதான்: "மாஸ்டரைச் சைக்கிளிலை ஏத்தி அனுப்பிப்போட்டுத் தீத்துங்கோ." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபேச்சில்லாமல் வெளியே போவேன். பிள்ளை விழுங்கி முடிக்கும்வரை, ஆசுப்பத்திரி வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு பேருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு நிற்பேன்.