எட்டு விளக்கும் ஒரு சாக்கடையும்

எனக்குத் தெரிந்த இந்தி மொத்தம் ஐந்து சொற்கள். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து பொறுக்கியவை. ஐந்தையும் அதட்டலாகச் சொல்வதால் (‘ஜல்தி, ஜல்தி!’) ஊரே என்னை இந்திப் பண்டிதன் என்று நம்பியது. கொடுமை என்னவென்றால், நானும் நம்பினேன்.

எங்கள் ஊர் அவிநாசிக்குப் பக்கம். கம்பெனிகள் பெருகப் பெருக, வடக்கிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களுக்காக லைன் வீடுகளும் பெருகின. இனி ஊர் எப்படி வளர வேண்டும் என்று திட்டம் போடக் கிராம சபை கூடியது.

“லைன் ஊட்டுக்காரங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு எழுதோணுமுங்க. ஆருக்குங்க இந்தி தெரியும்?” என்றார் தலைவரம்மா.

அவர் முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். என் மனைவி பூங்கொடி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஏனுங்க, பேசாம உக்காருங்க!”

நானா உட்காருவேன்?

லைன் வீடுகளின் சார்பில் டெய்லர் சுனிதா எழுந்து சுருக்கமாகச் சொன்னார்: “ஹமே நாலி சாஹியே.”

‘சாஹியே’ என்றால் வேண்டும். என் ஐந்தில் ஒன்று. ‘நாலி’? நாலு! இந்தி இவ்வளவு சுலபமா!

“நாலு வேணுமாமுங்க.”

“நாலு என்னதுங்க?”

திரும்பக் கேட்டால் மானம் போய்விடும். மேலே எரிந்த டியூப் லைட்டைக் காட்டினேன். “தெருவிளக்குங்க.”

சுனிதா பதறிப்போனார். “நாலி! நாலி!”

நாலும் நாலும் கூட்டினேன். “எட்டு வேணுமாமுங்க!”

அவர் மூக்கைப் பிடித்துக் காட்டினார். (ஜலதோஷம் போல என்று விட்டுவிட்டேன்.) குனிந்து, தரையில் விரலால் நீளமாகக் கோடு இழுத்தார்.

“தெரு நெடுக வரிசையா வேணுமாமுங்க!”

பலத்த கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறியது.

சில மாதங்களில் எட்டு விளக்குகளும் வந்தன. பார்க்கப் போனேன். வடிய வழியில்லாமல் வாசலுக்கு வாசல் தேங்கிக் கிடந்த கழிவுநீர், அந்த வெளிச்சத்தில் தெப்பக்குளம் போல ஜொலித்தது. சுனிதா அதைக் காட்டி, பச்சைக் குழந்தைக்குச் சொல்வது போல, “நாலி” என்றார்.

ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. ஓடினால் அதில்தான் விழ வேண்டும்.

அடுத்த கிராம சபையில், அதற்குள் தமிழ் கற்றுக்கொண்டிருந்த சுனிதா நேராகத் தலைவரம்மாவிடம் தமிழிலேயே பேசினார். “எங்க லைனுக்குச் சாக்கடை கட்டித் தரோணுமுங்க. அப்புறமுங்க...” என்று என் பக்கம் மரியாதையாகக் கை நீட்டினார். “இவரு வேண்டாமுங்க.”

சாக்கடை கட்டியாகிவிட்டது. ஆனால் இன்றும் வீட்டில் விருந்தாளியிடம் பேச, பிளம்பருக்கு விளக்கம் சொல்ல என்று எதற்காவது நான் எழுந்தால் போதும். பூங்கொடியும் மகளும் ஒரே குரலில் சொல்வார்கள்:

“இவரு வேண்டாமுங்க!”